பத்தாம் வசனத்துக்கு இடமில்லை

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தலைப்பில், 'நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்' என்ற வசனம். மணமகள் மணமகனிடம் சொல்வதுபோல அச்சிட்டிருந்தார்கள். பைபிளில், ரூத்தின் புத்தகத்தில் இதைச் சொல்கிறவள் மருமகள் ரூத். கேட்கிறவர் மாமியார் நகோமி. இருவருமே விதவைகள். சரி, பாசம் பாசம்தானே, இருக்கட்டும்.

பைபிளில் வரும் 'மிஸ்பா' என்ற சொல்லின் கதை அப்படியல்ல. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் இந்தச் சொல்லைப் பொறித்த ப்ரூச்சுகளைப் பிரிந்திருக்கும் காதலர்கள் குத்திக்கொண்டார்கள். நாம் தள்ளி இருக்கும்போது கர்த்தர் நம்மைக் காக்கட்டும் என்று பொருள். ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தில் நடப்பதோ ஒரு குடும்பச் சண்டை. மாமனார் லாபானிடம் 20 வருஷம் உழைத்த யாக்கோபு, மனைவிமார், பிள்ளைகள், மந்தையோடு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறான். லாபான் 7 நாள் துரத்தி, கிலேயாத் மலையில் பிடிக்கிறார். (அப்பா லாபான் வீட்டுச் சொரூபங்களைத் திருடி வந்த யாக்கோபின் மனைவி ராகேல், ஒட்டகச் சேணத்தில் ஒளித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது தனிக் கதை.) 'என் சம்பளத்தைப் பத்து முறை மாற்றினீர்' என்று மருமகன் குமுறுகிறான். 'பெண்களும் என்னுடையவர்கள், மந்தையும் என்னுடையது' என்று மாமனார் மல்லுக்கு நிற்கிறார். கடைசியில் கல்லைக் குவித்து எல்லை போடுகிறார்கள்: இதைத் தாண்டி நானும் வரமாட்டேன், நீயும் வராதே. நான் பார்க்காத இடத்தில் என் பெண்களைக் கஷ்டப்படுத்தினால், கர்த்தர் நடுநின்று கண்காணிப்பார். அந்தக் குவியலின் பெயர்தான் மிஸ்பா. ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத இருவர் போட்ட எல்லைக்கல், காதலர் மார்பில் ஏறிவிட்டது!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். எனக்கு நெருடுவது, இந்த வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஒரு வசனத்தை அச்சிட்டுப் புத்தாண்டு ஆராதனையில் கையில் தரும் வாக்குத்தத்த அட்டை. அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' வேலை தேடும் பையன், இந்த வருஷம் கிடைத்துவிடும் என்று அதைப் பர்ஸில் வைத்துக்கொள்கிறான். பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் உள்ள வரி அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது ஐந்தாம் வசனம். 70 வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களுக்கு, தாங்கள் ஊர் திரும்பப் போவதில்லை என்பது அப்போதே புரிந்திருக்கும்.

இந்த ஜனவரியில் எனக்கு வந்த அட்டையும் அதுதான். பின்பக்கம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்துப் பத்தாம் வசனத்தை எழுதி வைத்திருக்கிறேன்.