25 ஏன் வராது?

வணக்கம் நேயர்களே. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு பேருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வந்ததன் சராசரி வேகம் என்ன? எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 25 என்ற குரல்தான் முதலில் வரும்.

அங்கே "தப்பு" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிவிடுகிறோம். கணக்கு முடிந்துவிடும், குழப்பம் முடியாது. சராசரி என்றதும் கூட்டி இரண்டால் வகுத்தே பழகிய கை, அடுத்த கணக்கிலும் அதையே செய்யும். "சார், இது கூட்டலா, பெருக்கலா?" என்று பிள்ளைகள் கேட்பதும் இந்தப் பழக்கத்தால்தான்.

பேனாவை மூடி வைக்கச் சொல்லுங்கள். "பேருந்து எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நமக்குத்தான் அந்த அமைதி பொறுக்காது, பிள்ளைகளுக்கு அது தேவை. "ஏறும்போதுதான் சார், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கே" என்பான் ஒருவன். விடை சரி, காரணம் சரியில்லை. இதை விட்டுவிடக் கூடாது. "இறங்கும்போதும் அதே இருபது வளைவுதானே?" என்று கேளுங்கள். அப்போதுதான் பிடிபடும்: தூரம் ஒன்றே, வேகம் குறைவு, அதனால் நேரம் கூடுகிறது. அப்படியானால் சராசரி 20 பக்கம் சாயும், 25-க்குக் கீழேதான் வரும்.

இதைச் சொன்ன பிறகு பேனாவைத் திறக்கட்டும். ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. 60-ஐ இரண்டரையால் வகுத்தால் 24. தூரத்தை 15 கிலோமீட்டராக்கிப் போடச் சொல்லுங்கள், அதே 24 வரும். ஏனென்று அவர்களே தேடட்டும். ஒரு பாடவேளைக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

பெற்றோருக்கும் ஒன்று. விடை தவறும்போது மட்டும் "எப்படி வந்துச்சு?" என்று கேட்டால், அந்தக் கேள்வியே "தப்பு" என்பதன் மறுபெயராகிவிடும். பிள்ளை உடனே விடையை அழிக்கும். சரியான விடைக்கும் கேளுங்கள்.

இன்றிரவு இதைக் கொடுத்துப் பாருங்கள்: அதே பேருந்து 20-இல் ஏறிவிட்டது. மொத்தச் சராசரி 40 ஆக, எந்த வேகத்தில் இறங்க வேண்டும்? 60 என்பார்கள். 60 கிலோமீட்டரை 40 வேகத்தில் கடக்க எவ்வளவு நேரம், ஏறுவதற்கே எவ்வளவு போயிற்று என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள்.