ஆண்டி ஃப்ரேசர் விட்டுச்சென்ற இடத்தில்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை நீங்கள் கைப்பேசியிலோ சிறிய வானொலிப் பெட்டியிலோ கேட்டுக்கொண்டிருந்தால், நான் சொல்லப்போகும் கலைஞரின் வாசிப்பில் பெரும்பகுதி அதில் உங்களுக்குக் கேட்காது. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. உள்ளங்கையளவு ஒலிபெருக்கிக்கு அந்த அதிர்வு அடங்காது. பல ஆண்டுகளாக அந்தத் தந்திகளை மீட்டி வருபவன் என்பதால், பேஸ் கலைஞர் டெட்சு யமவுச்சியைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் அழைத்தபோது மிகவும் மகிழ்ந்தேன்.

டெட்சு 1946இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் பிறந்தவர். மிக்கி கர்ட்டிஸ் தலைமையிலான ‘சாமுராய்’ குழுவோடு ஐரோப்பாவுக்கு வந்து வாசித்தவர். அவர் பெயர் இங்கிலாந்தில் பரவக் காரணமாக இருந்தது ‘ஃப்ரீ’ என்ற ஆங்கில ராக் குழு.

ஃப்ரீயின் முதல் பேஸ் கலைஞர் ஆண்டி ஃப்ரேசர். 1968இல் குழு தொடங்கியபோது அவருக்கு வயது 15. 1970இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்த ‘ஆல் ரைட் நவ்’ பாடலைப் பாடகர் பால் ராட்ஜர்ஸோடு சேர்ந்து எழுதியவர் அவர்தான். அந்தப் பாடலைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? சரணம் முழுவதும் பேஸ் கிடையாது. கிட்டாரும் ட்ரம்ஸும் குரலும் மட்டுமே ஓடுகின்றன. பல்லவி வரும்போதுதான் பேஸ் உள்ளே நுழைகிறது. அந்த நொடியில் பாட்டு கால் ஊன்றி நிற்கிறது. எப்போது வாசிக்கக் கூடாது என்பதை அந்த வயதிலேயே அறிந்திருந்த ஒருவரின் இடம் அது. அந்த இடத்துக்கு வந்து நிற்பது எவ்வளவு கடினம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

1971இல் ஃப்ரீ ஒருமுறை உடைந்தது. கிட்டார் கலைஞர் பால் கோசாஃபும் ட்ரம்ஸ் கலைஞர் சைமன் கர்க்கும், டெக்சாஸிலிருந்து வந்த கீபோர்டு கலைஞர் ஜான் பண்ட்ரிக்கையும் டெட்சுவையும் சேர்த்துக்கொண்டு ஒரு பாடல் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். பண்ட்ரிக்கை எல்லோரும் ‘ராபிட்’ என்றே அழைத்தார்கள். தொகுப்பின் பெயரே ‘கோசாஃப், கர்க், டெட்சு அண்ட் ராபிட்’. இரண்டு குடும்பப் பெயர்கள், ஒரு சொந்தப் பெயர், ஒரு செல்லப்பெயர்! அன்று முதல் ரசிகர்களுக்கு அவர் வெறும் டெட்சு.

பிறகு ஃப்ரீ மீண்டும் கூடியது. 1972இல் ஃப்ரேசர் விலகவே, டெட்சுவும் ராபிட்டும் உள்ளே வந்தார்கள். போதைப் பழக்கத்தால் நலிந்திருந்த கோசாஃபால் அந்த ஆண்டு ஜப்பான் பயணத்துக்குச் செல்ல முடியவில்லை. ராட்ஜர்ஸே கிட்டாரையும் எடுத்துக்கொண்டார். பாதி கலைந்த ஒரு ஆங்கிலக் குழுவோடு டெட்சு தன் நாட்டு மேடையில் நின்றார்.

1973 ஜனவரியில் ஃப்ரீயின் ‘ஹார்ட்பிரேக்கர்’ தொகுப்பு வெளிவந்தது. பிரிட்டனில் ஒன்பதாம் இடம். அதிலுள்ள ‘விஷ்ஷிங் வெல்’ ஏழாம் இடம் வரை போனது. அதில் டெட்சு ஃப்ரேசரைப் போல வாசிக்க முயலவே இல்லை. ஃப்ரேசர் இடைவெளி விட்டு, திடீரென்று எங்கிருந்தோ பாய்ந்து வருவார். டெட்சுவோ கர்க்கின் கால் ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டு, கனமாக, நடை மாறாமல் செல்கிறார். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கிட்டார் கலைஞரே இன்று வருவாரா மாட்டாரா என்று தெரியாத நிலையில், அடியில் ஒருவர் அசையாமல் நிற்கத்தான் வேண்டும். அந்தத் தொகுப்பைத் தாங்கிப் பிடிப்பது அந்த நடைதான்.

ஆனாலும் குழு நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஃப்ரீ முடிந்தது. ராட்ஜர்ஸும் கர்க்கும் ‘பேட் கம்பெனி’யைத் தொடங்கினார்கள். டெட்சுவுக்கு வந்த அழைப்பு இன்னும் பெரியது. ராட் ஸ்டூவர்ட், ரானி உட் ஆகியோரின் ‘ஃபேசஸ்’ குழுவிலிருந்து பேஸ் கலைஞர் ரானி லேன் விலகியிருந்தார். லேன் பாடல் எழுதியவர், பாடியவர், ரசிகர்களின் நெஞ்சுக்கு மிக நெருக்கமானவர். மறுபடியும் பிறர் நேசித்த ஒருவரின் இடம்! இம்முறை பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் எதிர்ப்பையும் டெட்சு சந்திக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் ஒருவர் அந்த வேலையில் அமர்வதை அவர்கள் விரும்பவில்லை.

லேன் போன பிறகு ஃபேசஸ் ஸ்டூடியோவில் முழுத் தொகுப்பு எதையும் முடிக்கவில்லை. டெட்சு காலத்தில் மிஞ்சியவை சில தனிப்பாடல்களும், 1973 அக்டோபரில் கலிபோர்னியாவில் பதிவான ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ மேடைத் தொகுப்பும்தான். பழைய ஃபேசஸோடு ஒப்பிட்டு அதைத் தள்ளிவிடுகிறார்கள். ஸ்டூடியோவில் ஒரு முழுத் தொகுப்புக்கும் வாய்ப்புக் கிடைக்காத மனிதரை, லேனோடு நிறுத்துப் பார்ப்பது நியாயமா?

1975 டிசம்பரில் ஃபேசஸ் கலைந்தது. மறு ஆண்டு டெட்சு தனித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். பெயர் ‘கிக்யோ’, ஜப்பானிய மொழியில் ஊர் திரும்புதல் என்று பொருள். அதே 1976 மார்ச்சில் கோசாஃப் விமானப் பயணத்தின்போது இறந்துபோனார். வயது 25.

பிற்காலத்தில் டெட்சு, ட்ரம்ஸ் கலைஞர் ஷோஜி ஹானோ, ஜெர்மானிய சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மான் ஆகியோரோடு மெட்டோ பல்லவியோ இல்லாத, அந்தக் கணத்தில் பிறக்கும் இசையையும் வாசித்தார். ராக் ரசிகர்கள் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன், இன்றிரவு நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு ‘விஷ்ஷிங் வெல்’ கேளுங்கள். முதல் முறை குரலை ரசியுங்கள், இரண்டாம் முறை கிட்டாரை. மூன்றாம் முறை இரண்டையும் விட்டுவிட்டு, அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள்.

வணக்கம்.