இ.எஸ்.ஆர். 45 என்றால்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்துப் பரிசோதனைக் கூடங்களில், தடித்த எழுத்தில் அச்சான ஓர் எண்ணைக் கண்டு பெண்கள் கலங்குவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவர் நான். பெரும்பாலும் அது, இரத்தச் சிவப்பணுக்கள் கீழே படியும் வேகத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர். ஆகவே இருக்கும். ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அது மணிக்கு 20 மில்லிமீட்டர் வரை இயல்பு, ஆண்களுக்கு 15.

உடலில் அழற்சி, அதாவது தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை, இருந்தால் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் மிகுந்து, சிவப்பணுக்களைக் காசு அடுக்கினாற்போல் சேர்த்துவிடும். கனத்த அந்த அடுக்குகள், நிமிர்த்தி வைத்த கண்ணாடிக் குழாயில் விரைந்து இறங்கும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கின என்பதே கணக்கு. ஆனால், அழற்சி சிறிதும் இல்லாமல் இரத்தசோகை மட்டும் இருந்தாலும் இந்த எண் ஏறும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்பதால், இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஓர் இளம்பெண், இ.எஸ்.ஆர். 45 என்ற அறிக்கையோடு மலையிறங்கி வந்தார். காசநோயாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட, தனித்தட்டில் உண்டு, பிள்ளைகளை அருகில் சேர்க்காமல் பல வாரங்கள் கழித்திருந்தார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. நெஞ்சுப் படமும் தெளிவாக இருந்தது. ஹீமோகுளோபினோ 8, கருவுறாத பெண்ணுக்கு 12க்குக் குறையலாகாது. மாதவிடாயில் உதிரப்போக்கு மிகுதியாக இருந்தும், அதைப்பற்றி யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையைக் கூட, நம் வீடுகள் பலவற்றில் நடப்பதுபோல, காலைக் காப்பியோடு விழுங்கி வந்திருக்கிறார். காப்பியும் தேநீரும் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுப்பவை. உதிரப்போக்குக்கு வைத்தியம் பார்த்து, மாத்திரை வேளையை மாற்றிய சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறியது, இ.எஸ்.ஆர். தானே இறங்கியது. கர்ப்பத்தின் பிற்பாதியிலும் இந்த எண் 40, 50 என்று இருப்பது இயல்பே.

அறிக்கைகளில் வரும் இன்னோர் எண்ணான சி.ஆர்.பி. என்பது அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதம். இரத்தசோகை இதை ஏற்றுவதில்லை. பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கும். உடற்பருமனும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சற்றே உயர்த்தக்கூடும். சில கூடங்கள் டெசிலிட்டர், அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, கணக்கில் தருவதால், 0.5 என்பதும் 5 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். அலகைப் பார்த்துவிட்டு எண்ணைப் பாருங்கள்.

நேரம் நெருங்குவதால் ஃபெரிட்டினைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. இரும்பின் சேமிப்பைக் காட்டும் இதுவும் அழற்சியில் உயர்ந்து, உள்ள குறையை மறைத்துவிடும். நலமான பெண்ணுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. தொற்றோ அழற்சியோ இருக்கையில் 70க்குக் கீழ் இருந்தாலே குறைபாடாக எண்ணவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே காய்ச்சலின்போது ஃபெரிட்டின் 40 என்று வந்தால், இரும்புச்சத்து போதுமென்று மாத்திரையை நிறுத்திவிடாமல், சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வணக்கம்.