கழிஞ்சமலை அடிவாரத்தில் ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

"அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு போவார்களே, ஞாபகம் இருக்கிறதா? மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு அந்தக் குரல் அபூர்வமாகிவிட்டது. சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒருவர் உட்கார்ந்து உளியைத் தட்டுவார். கல்பொடி பறந்து அவர் புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். பல வருடம் கழித்து அரிட்டாபட்டியில் ஒரு குகை வாசலில் நின்றபோது, அந்த டக் டக் சத்தம்தான் என் காதுக்குள் கேட்டது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அரிட்டாபட்டி மதுரை மாவட்டம், மேலூர் வட்டத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து மேலூர் போகும் நாற்கரச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வயலும் கண்மாயுமாக வரும். அப்புறம் மொட்டைப் பாறை மலைகள். ஏழு மலை என்று கணக்கு. கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயி மலை, வயத்துப்பிள்ளான் மலை, அகப்பட்டான் மலை, கழுகுமலை, தேன்கூடு மலை. பெயர்களைக் கவனியுங்கள். சாமி பெயரும் இல்லை, ராஜா பெயரும் இல்லை. வயிற்றில் பிள்ளை, அகப்பட்ட எவனோ ஒருவன், தேன்கூடு, கழுகு. ஆடு மேய்த்தவர்களும் தேன் எடுத்தவர்களும் வைத்த பெயர்களாகத்தான் எனக்குப் படுகிறது.

கழிஞ்சமலையில் ஒரு குகைத்தளம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட இடங்களைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லிவிடுவார்கள்; உண்மையில் தங்கியவர்கள் சமண முனிவர்கள். நிமிர்ந்து குகையின் நெற்றியைப் பார்த்தால், பாறையை நீளவாக்கில் வெட்டி ஒரு காடி எடுத்திருப்பது தெரியும். மேலே பெய்யும் மழை பாறையில் வழிந்து வந்து அந்த விளிம்பில் சொட்டிவிடும், உள்ளே இருப்பவர் நனைய மாட்டார். நம் வீட்டு ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு போடுகிறோமே, அதே வேலைதான். இங்கே உள்ள கல்வெட்டு எழுத்துகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் காடியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது என் சின்ன மனக்குறை. எழுதியவரைவிட மழையைப் பார்த்து வெட்டியவர் புத்திசாலி என்று எனக்கு ஒரு எண்ணம்.

சரி, எழுத்துக்கு வருவோம். இங்கே இரண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்துமுறை அது. கல்வெட்டுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. ஒன்று, நெல்வெளி என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர் குகையை வெட்டிக் கொடுத்ததைச் சொல்கிறது. மற்றது 2003-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் என்று தகப்பன் பேரோடு சொல்கிறது. நெல்வெளி என்றால் நமக்கு நெல்லை நினைவு வருகிறது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இன்றும் ஓர் இலஞ்சி உண்டு. அந்த ஊர்களேதான் இவை என்றால், தெற்குக் கோடியிலிருந்து இரண்டு பேர் இந்தப் பாறை வரைக்கும் வந்து செலவு செய்திருக்கிறார்கள். பக்கத்து மீனாட்சிபுரத்து மலையில் இன்னும் பெரிய ஆட்கள். அங்குள்ள கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டெடுத்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும், வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவும் அவற்றில் வருகின்றன. அந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்கிறார்கள். அரசனும் வியாபாரியும் துறவியும் நடமாடிய பாதை, இன்றைக்கு நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கிற பாதை.

அப்புறம் சுமார் ஆயிரம் வருடம் கழித்து அச்சணந்தி வருகிறார். மதுரையைச் சுற்றி எந்தச் சமணக் குன்றுக்குப் போனாலும் இந்த முனிவர் பெயர் எதிர்ப்படும். ஆனைமலையில் இருக்கிறது, அழகர்மலையில் இருக்கிறது, கீழக்குயில்குடியில் இருக்கிறது. இங்கே ஒரு தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் பெரியவர் ஒருவரின் திருமேனியைச் செய்வித்து, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார். அதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது என்றும் எழுதியிருக்கிறது. காவலுக்கு ஆள் போட்டு, அந்தப் பேரையும் கல்லில் வெட்டிவிட்ட முன்யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே ஊரில் சிவனுக்குப் பாண்டியர் காலக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில், ஒன்றும் உண்டு. ஒரு பக்கம் விநாயகர். மறுபக்கம் கையில் தண்டத்தோடு லகுலீசர். பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் குரு அவர்; குஜராத்துக்காரர் என்பார்கள். தமிழ்நாட்டில் அவருக்குச் சிற்பங்கள் குறைவு. மேலூர்ப் பக்கத்து மலையடியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் காலத்தில் இது ஒன்றும் ஒதுக்குப்புறமான ஊர் இல்லை போலிருக்கிறது என்று தோன்றும்.

இப்போது தண்ணீர். மொட்டைப் பாறையில் விழுகிற மழை எங்கேயும் நிற்காது. சுனையில் கொஞ்சம் தங்கும், மிச்சம் ஓடையாக இறங்கிக் கண்மாய்க்குப் போகும். ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்தது. இந்தப் பகுதியில் 72 ஏரி, 200 சுனை, 3 தடுப்பணை என்று அரசுக் குறிப்பு சொல்கிறது. நாங்கள் ஏரி என்று சொல்ல மாட்டோம், கண்மாய்தான். அதில் ஆனைகொண்டான் கண்மாயை 16-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கட்டியதாகவும் அதே குறிப்பு சொல்கிறது. அந்த நூற்றாண்டில் மதுரை நாயக்கர் கைக்குப் போய்விட்டதே என்று எனக்கு ஒரு சந்தேகம். கட்டியது யாராக இருந்தாலும், கண்மாய் தண்ணீர் பிடிக்கிறது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டையும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். சுமார் 250 வகைப் பறவைகள். எறும்புதின்னி, மலைப்பாம்பு, தேவாங்கும் உண்டு. லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராஜாளியும் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. கழுகுமலை என்று பேர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை.

இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் உலோகத்துக்குச் சுரங்கம் தோண்ட ஏலம் முடிந்த செய்தி வந்தது. அந்த 193 ஹெக்டேரும் அதற்குள். மேலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கிரானைட்டுக்காகக் கேக் வெட்டுகிற மாதிரி அறுக்கப்பட்ட குன்றுகளைப் பார்த்துப் பழகியவர்கள். சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த நாட்களில் டீக்கடைப் பேச்சில்கூட கல்வெட்டு வந்துவிட்டது. பிராமி என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்தில் படித்தேன். அவர்கள் தங்கள் மலையைக் காட்டிச் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் விட்டதற்கு வருகிறேன். நெல்வெளிக்காரரின் கல்வெட்டு "கொடுபிதோன்" என்று முடிகிறது. அந்தக் கால எழுத்தில் புள்ளியும் ஒற்றும் விட்டுப்போகும். கொட்டுப்பித்தோன் என்று படிக்க வேண்டும். உளியால் கொட்ட வைத்தவன். அம்மி கொத்த வந்தவரின் சொல்லுக்கு இது பங்காளி முறைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனால் காலையிலோ சாயங்காலமோ போங்கள், உச்சி வெயிலில் எழுத்து கண்ணுக்குத் தட்டாது. டார்ச்சு கொண்டுபோனால் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். எழுத்தின் மேல் தடவிப் பார்க்கும் சாக்பீஸை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.