வரைவைக் காட்டுங்கள்

(இணைய உரிமை குறித்த கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இணையச் சுதந்திரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இணைய முடக்கமும், தடை செய்யப்பட்ட தளங்களும், ஒரு பதிவுக்காகப் போடப்படும் வழக்கும்தான். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. தெரிவதால் எதிர்க்கவும் முடிகிறது. வர்த்தக ஒப்பந்தம் என்ற பெயரில் வரும் சட்டம் அப்படியல்ல. நமக்குச் சேதி தெரியும்போது அதில் கையெழுத்தே ஆகியிருக்கும். அப்படிப்பட்ட ஒன்றைக் குடிமக்கள் தோற்கடித்த கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அதன் பெயர் ஆக்டா. போலிப் பொருள் தடுப்பு வர்த்தக ஒப்பந்தம். பெயரைக் கேட்டால் யாருக்கும் எதிர்க்கத் தோன்றாது. போலி மருந்தை, போலி உதிரிபாகத்தை யார் ஆதரிப்பார்கள்? ஆனால் அந்தப் பெயருக்குள்ளே இணையத்துக்கென்று தனிப்பகுதி ஒன்று இருந்தது.

2008 ஜூனில் ஜெனிவாவில் முறையான பேச்சுவார்த்தை தொடங்கியது. அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ஆஸ்திரேலியா, தென்கொரியா என்று ஒரு சில தரப்புகள் மட்டும் உட்கார்ந்தன. இதே விஷயங்களைப் பேச உலக வர்த்தக அமைப்பு இருக்கிறது, உலக அறிவுசார் சொத்து அமைப்பும் இருக்கிறது. அங்கெல்லாம் போகாமல் ஏன் தனியாகக் கூடினார்கள்? அந்த அவைகளில் இந்தியாவும் பிரேசிலும் சீனாவும் உட்கார்ந்து கேள்வி கேட்கும் என்பதால்தான். கேள்வி கேட்பவர்களை வெளியே விட்டுவிட்டு விதியை எழுதி முடித்து, பிறகு அவர்களையும் சேரச் சொல்வது என்பது திட்டம். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வரைவைக் கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது தெரியுமா? ஐரோப்பாவில் ஒரு மென்பொருள் உரிமை அமைப்பு 2008லேயே ஆவணங்களைக் கேட்டது. மறுத்துவிட்டார்கள். 2009 மார்ச்சில் அமெரிக்காவில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டபோது, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தார்கள். பதிப்புரிமை பற்றியும் வணிகக் குறி பற்றியும் பேசும் ஒப்பந்தத்துக்குத் தேசப் பாதுகாப்புக் காரணம்! அதே வருடம் இணையப் பகுதியின் வரைவு 42 பேருக்குக் காட்டப்பட்டது. ரகசியம் காப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களின், தொழில் கூட்டமைப்புகளின் ஆட்கள். மக்கள் பார்த்தால் நாட்டுக்கு ஆபத்து, நிறுவனத்தின் வழக்கறிஞர் பார்த்தால் ஆபத்தில்லை என்பதை எந்த ஜனநாயகம் ஏற்கும்?

கசிவுகள் இல்லாவிட்டால் நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. 2008 மே மாதமே ஒரு விவாதக் குறிப்பு விக்கிலீக்ஸில் வெளியானது. பிறகு வரைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. பதிப்புரிமையை மீறியதாக மீண்டும் மீண்டும் புகார் வந்தால் ஒருவரின் இணைய இணைப்பையே துண்டிக்கலாம் என்ற யோசனை அவற்றில் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டாம், புகார் போதும். ஒரு வீட்டில் அப்பாவுக்கு அலுவலகம், பிள்ளைக்குப் பாடம், பாட்டிக்கு வெளிநாட்டு மகனோடு பேச்சு, எல்லாம் ஒரே இணைப்பில் நடக்கிறது. ஒருவர் மீது புகார் வந்தால் வீடே இருட்டாகும். இது வெளியே தெரிந்து சத்தம் எழுந்ததும் இறுதி வரைவிலிருந்து நீக்கினார்கள். ஒப்பந்தம் நல்லதாக மாறியதற்கும் அந்தக் கசிவுகள்தான் காரணம் என்பதைக் கவனியுங்கள். 2010 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 633க்கு 13 என்ற கணக்கில் ஆவணங்களை வெளியிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஏப்ரலில்தான் முதன்முதலாக அதிகாரபூர்வ வரைவு வெளியானது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு வருடப் பேச்சுவார்த்தை முடிந்திருந்தது.

இறுதி வடிவமும் லேசானதல்ல. வணிக அளவிலான மீறல் குற்றம் என்றது. வணிக அளவு எது என்று வரையறுக்கும்போது, மறைமுகப் பொருளாதாரப் பயன் கிடைக்கும் செயல்களையும் சேர்த்துக்கொண்டது. விளம்பரம் போட்ட சின்ன வலைத்தளமும் இதற்குள் வந்துவிடாதா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. மீறலைத் தடுக்கத் தொழில் துறையினருக்குள் கூட்டு முயற்சிகளை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்றும் இருந்தது. எளிய மொழியில் சொன்னால், நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையை இணையச் சேவை நிறுவனமும் திரைப்பட நிறுவனமும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்.

2012 ஜனவரி 26 அன்று டோக்கியோவில் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் 22 உறுப்பு நாடுகளும் கையெழுத்திட்டன. போலந்தில் அதற்கு முன்பே தீ பற்றிவிட்டது. தங்களோடு கலந்து பேசாமல் அரசு கையெழுத்திடாது என்று அங்குள்ள குடிமை அமைப்புகள் நம்பியிருந்தன. கையெழுத்து முடிவாகிவிட்டது என்ற சேதி ஒரு வாரத்துக்கு முன்புதான் வெளியே வந்தது. ஜனவரி மாதக் குளிரில் வார்சாவிலும் கிராகோவிலும் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் போராட்டம். கையெழுத்தான அதே நாளில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இந்த ஒப்பந்தத்தை ஆய்ந்து அறிக்கை தரும் பொறுப்பிலிருந்த காதர் அரிஃப் பதவி விலகினார். இந்த நாடகத்தில் எனக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே விலகினார்.

ஸ்லோவேனியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் ஜப்பானிலிருந்த அந்நாட்டுத் தூதர் ஹெலெனா ட்ர்னோவ்ஷெக் சோர்கோ. சில நாட்களில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். என்ன கையெழுத்திடுகிறேன் என்பதில் ஒரு குடிமகளாகப் போதிய கவனம் செலுத்தவில்லை என்று சொல்லி, தன் பிள்ளைகளிடமும் நாட்டிடமும் மன்னிப்புக் கேட்டார். தன் நாட்டில் நடக்கும் போராட்டத்துக்குப் போகச் சொல்லி மக்களை அழைத்தார். கையெழுத்திட்ட பேனாவின் மை காய்வதற்குள் இப்படி ஒப்புக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த அம்மையாருக்கு என் வணக்கம்.

பிப்ரவரி 11. ஐரோப்பா முழுக்கக் கடும் உறைபனி. ஜெர்மனி, பல்கேரியா, ருமேனியா, பிரான்ஸ் என்று ஒரே நாளில் கூட்டங்கள். மியூனிக்கில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் திரண்டார்கள். போலந்தின் பிரதமர் டஸ்க் அதற்கு முன்பே ஒப்புதல் நடவடிக்கையை நிறுத்தி, இணையப் பயனர்களை வரவழைத்து மணிக்கணக்கில் விவாதித்தார். பிறகு தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டு, ஒப்பந்தத்தை நிராகரிக்கும்படி மற்ற ஐரோப்பியத் தலைவர்களுக்கும் எழுதினார்.

தெருவில் நின்றது மட்டும் போதவில்லை, நண்பர்களே. சத்தமில்லாமல் நடந்த வேலை ஒன்று உண்டு. பிரான்சில் லா குவாத்ரத்யூர் து நெட் என்ற அமைப்பு, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரைச் சாதாரண மனிதர் இணையம் வழியாகவே இலவசமாகத் தொலைபேசியில் அழைக்க ஒரு வசதியைச் செய்து கொடுத்தது. எந்த உறுப்பினர் முன்பு எப்படி வாக்களித்தார் என்ற பட்டியலும் கூடவே இருந்தது. அழைத்தவர்கள் ஒப்பந்தத்தின் பிரிவைப் படித்துவிட்டுப் பேசினார்கள். ‘இந்த 27ஆவது பிரிவைப் பற்றி உங்கள் நிலை என்ன?’ என்று வாக்காளர் கேட்கும்போது, அந்தப் பிரிவை அதுவரை படிக்காத உறுப்பினரும் படித்தாக வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம் 28 லட்சம் பேரின் கையெழுத்துகளோடு ஒரு மனு போய்ச் சேர்ந்தது.

போராட்டக்காரர்கள் மிகைப்படுத்தினார்கள் என்று அன்று அதிகாரிகள் குறை சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இறுதி வடிவத்தில் இல்லாத இணைப்புத் துண்டிப்பு சில துண்டறிக்கைகளில் இருந்தது. ஆனால் கசிந்த பழைய வரைவு மட்டுமே மக்கள் கையில் பல மாதங்கள் இருந்தது யாருடைய குற்றம்? மூடி வைத்தவர்களே வதந்தியைப் பற்றிப் புகார் சொல்லலாமா?

2012 ஜூலை 4, ஸ்ட்ராஸ்பர்க். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. காதர் அரிஃபின் இடத்துக்கு வந்த டேவிட் மார்ட்டினும் நிராகரிக்கவே பரிந்துரைத்திருந்தார். ஆதரவு 39, எதிர்ப்பு 478, நடுநிலை 165. ஒரு சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் தன் புதிய அதிகாரத்தைக் கொண்டு நிராகரித்தது அதுவே முதல்முறை. ஆறு நாடுகள் ஒப்புதல் அளித்தால்தான் ஆக்டா நடைமுறைக்கு வரும். ஜப்பானைத் தவிர வேறு எவரும் அளிக்கவில்லை.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். 2010 ஜூனில் உலக வர்த்தக அமைப்பில் ஆக்டாவைக் கண்டித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதற்குக் காரணம் இருந்தது. 2008 டிசம்பரில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த லோசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தை, வழியிலே நெதர்லாந்தில் சுங்கத் துறை பிடித்து வைத்தது. அனுப்பிய நாட்டிலும் சரி, போய்ச் சேரும் நாட்டிலும் சரி, அது முறையான மருந்து. இடையில் இருந்த நாட்டின் காப்புரிமையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். போலிப் பொருளைத் தடுக்கும் அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்பதை நம் நாடு அன்று நேரிலேயே கண்டது. 2011 மார்ச்சில் எச்ஐவியோடு வாழும் ஆயிரக்கணக்கானோர் டெல்லித் தெருக்களில் நடந்ததும், ஐரோப்பாவுடன் அன்று பேசப்பட்டுவந்த வர்த்தக ஒப்பந்தம் மலிவு மருந்தைப் பறித்துவிடும் என்ற அச்சத்தில்தான்.

ஆனால் நம் நிலை ஐரோப்பியர்களின் நிலையை விடப் பலவீனமானது. ஸ்ட்ராஸ்பர்க்கில் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு நாடாளுமன்றம் இருந்தது. இந்தியாவில் ஒன்றிய அரசு கையெழுத்திடும் வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும் வெளிநாட்டு உறவு, பொருளாதார நலன் என்ற விதிவிலக்குகள் உண்டு. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியபோது, ஐரோப்பியத் தரப்பு தன் முன்மொழிவுகளைத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. ஆக்டாவுக்குப் பிறகு ஐரோப்பிய மக்கள் கேட்டுக் கேட்டுப் பெற்ற பழக்கம் அது. நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை நாம் பிரஸ்ஸல்ஸின் தளத்தில் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. அதற்கு டெல்லி என்ன பதில் சொன்னது என்பதைப் படிக்க நமக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள். பேச்சுவார்த்தை நடக்கும்போதே வரைவை வெளியிடச் சொல்லி அவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கும் அதையே எழுதுங்கள். எழுதும்போது பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். எந்த ஒப்பந்தம், எந்த அத்தியாயம், டிஜிட்டல் வணிகமா, அறிவுசார் சொத்தா, அதில் எது உங்களைப் பாதிக்கும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம்.