அருவி வெட்டினவை எங்கே?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம்.

இண்டைய பட்டிமன்றத் தலைப்பு: "மாறிவரும் வன்னிக் கிராமத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர் ஊரில் பிறந்தவரா, வந்து தங்கிப் படிக்கும் மானிடவியலாளரா?" நான் வந்து தங்குபவரின் பக்கம். "எங்கட குளத்தைப் பற்றி வெள்ளைக்காரனோ எங்களுக்குச் சொல்லுறது?" எண்டு எதிரணித் தங்கச்சி கேட்டுக் கைதட்டலும் வாங்கிப்போட்டா.

தங்கச்சி, அப்பிடிச் சொன்ன ஒருவர் இருந்தார். 1954இல் எட்மண்ட் லீச் எண்ட ஆங்கிலேய மானிடவியலாளர், வவுனியாவுக்குத் தெற்கே, அனுராதபுரப் பக்கத்து நுவரகலாவியவில், புல் எலிய எண்ட குளத்து ஊரில் போய் இருந்தார். ஆரின்ர வயல், எப்பிடிக் கைமாறினது எண்டு துண்டு துண்டாகப் பதிஞ்சார். ஊரின் ஒழுங்கைச் சொந்தபந்தம் மட்டும் தீர்மானிக்கேல்லை, குளமும் வாய்க்காலும் வயல் கிடக்கிற கிடையும்தான் அந்தச் சொந்தத்தையே வளைக்குது எண்டார். கோடையில சிறுபோக நெல்லுக்கான தண்ணிக்கு அண்ணன் தம்பி அடிபட்டதைப் பார்த்த உங்களுக்கு இது விளங்கும்.

போர் முடிஞ்ச பிறகு படிவத்தோட எத்தனை பேர் வந்தவை! "கோழி எத்தனை, கிணறு இருக்கோ?" அரை மணித்தியாலத்தில வாகனம் கிளம்பிவிடும். அவையை இந்தக் கணக்கில சேர்க்காதேங்கோ.

எங்கட வீட்டில ஒரு மானிடவியல் மாணவி மாரி மழையில நெல் விளையிற ஒரு காலபோகம் முழுக்க இருந்தவ. நெல் அறுக்கிற வெட்டு மெசின் வயலுக்க இறங்கின அண்டைக்கு அம்மாவிட்டக் கேட்டா: "முந்தி கையால நெல்லறுத்து அருவி வெட்டினது ஆர்?" அம்மா விரலை மடக்கிப் பேர் சொல்லத் தொடங்கினா. பதினொரு பேர். "அவை இப்ப எங்கே?" நாலு பேர் விடிய அஞ்சு மணி பஸ்ஸில ஆடைத் தொழிற்சாலைக்கு. ரெண்டு பேர் குவைத்தில. ஒராள் நுண்கடனுக்குப் பயந்து வீட்டை விட்டு வெளிக்கிடுறதில்லை. மெசின் வெளிநாடு, தைக்கிற சட்டை போறதும் வெளிநாடு. நடுவில எங்கட வயல். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுச் சொன்னா: "அருவி வெட்டேக்கதான் பிள்ளை, ஆரின்ர வீட்டில உலை வைக்கேல்லை எண்டு தெரியவரும். மெசினிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

இருபது வருசமா அதே வரம்பில நடக்கிறன். நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

வந்து படிக்கிறவை பட்டம் எடுத்துக்கொண்டு போயிடுவினம் எண்டது உண்மைக் குற்றச்சாட்டு. எழுதினதைத் தமிழில ஊருக்குத் தரவேணும் எண்டு நானும் சண்டை பிடிப்பன்.

மணி அடிக்குது. கடைசியா ஒண்டு: பிறந்தவருக்குத்தான் தெரியும் எண்டால், யாழ்ப்பாணத்தில இருந்து வந்த உங்களை நடுவராக்க எதிரணி ஏன் ஐயா சம்மதிச்சது?