மண்ணுக்கு மருத்துவமனை கட்டிய லண்டன்! பூங்காவின் புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

(திரையில்: 2012 ஒலிம்பிக் அரங்கம், மேலிருந்து)

2012 லண்டன் ஒலிம்பிக்கில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.63 வினாடிகளில் ஓடி முடித்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். அவர் ஓடிய அந்தப் பூங்காவின் மண், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவமனையில் கிடந்தது! கதை விடவில்லை. அங்கே வேலை செய்தவர்களே அந்த இடத்துக்கு வைத்த பெயர் 'மண் மருத்துவமனை'.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நாற்றமடிக்கும் தொழில்களை லண்டனுக்குள் நடத்த 1844இல் ஒரு சட்டம் கட்டுப்பாடு விதித்தது. அவை கிழக்கே, லீ ஆற்றங்கரைக்கு நகர்ந்தன. 2005 ஜூலையில் போட்டி லண்டனுக்குக் கிடைத்தபோது அங்கே சுமார் 2.5 சதுர கிலோமீட்டர் நிலத்தில் எண்ணெய், தார், ஆர்சனிக், ஈயம், சயனைடு எல்லாம் ஊறிக்கிடந்தன. சைக்கிள் பந்தய அரங்கம் நிற்பது பழைய குப்பைமேட்டின் மீது. பூங்காவை ஒட்டிய ஹாக்னி விக்கில்தான் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1866இல் உலகின் முதல் பிளாஸ்டிக்கைத் தயாரிக்க நிறுவனம் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. பிளாஸ்டிக் மட்டும் இன்னும் மூடப்படவில்லை!

இப்படிப்பட்ட நிலத்தை எப்படிப் பரிசோதிப்பது? மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் பழைய வரைபடங்களைத் தொட வேண்டும். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலை இருந்த இடம் என்றால், தாரையும் சயனைடையும் தேடலாம். அதன் பிறகுதான் துளையிட்டு மாதிரி எடுப்பது. நஞ்சு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அது எந்த வழியாக, யாரைப் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. பெட்டிக்குள் அடைபட்ட பாம்பு வேறு, படுக்கையறையில் நெளியும் பாம்பு வேறு.

(திரையில்: சமையலறை. ஒரு பாத்திரம், ஒரு படி அரிசி)

இனி எனக்குப் பிடித்த பகுதி. தயவுசெய்து வீடியோவை ஓட்டிவிடாதீர்கள்.

உங்கள் பாட்டி அரிசி அரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றி அரிசியை மட்டும் அடுத்த பாத்திரத்தில் சரிப்பார். கனமான கல் அடியில் தங்கிவிடும். தவிடும் தூசும் கழுநீரோடு போய்விடும். மண் மருத்துவமனையில் நடந்ததும் இதுதான், பாட்டிக்குப் பதிலாக இராட்சத இயந்திரங்கள்! சரளையும் மணலும் ஒரு பக்கம் சுத்தமாக வெளியே வரும். நுண்ணிய வண்டல் மட்டும் தண்ணீரோடு பிரிந்து போகும்.

நஞ்சு ஏன் அந்த வண்டலிலேயே ஒட்டிக்கொள்கிறது? ஒரு சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுர வெல்லக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள், மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர்! வெல்லம் அதேதான். எறும்பு மொய்க்க இடம் மட்டும் பத்து மடங்கு. வண்டல் துகள் இதைவிடவும் பல மடங்கு சிறியது. நஞ்சு ஒட்ட அதைவிட வசதியான இடம் வேறு கிடையாது.

அந்த வண்டலைப் பிழிந்தால் செக்கில் மிஞ்சும் புண்ணாக்கு போல ஒரு கட்டி வரும். ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டியது அதை மட்டும்தான். தோண்டிய மண்ணில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அதே இடத்தில் மறுபடியும் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வேறொரு ஊரின் தலையில் கொட்டுவதைச் சுத்திகரிப்பு என்று சொல்வோரை எனக்குப் பிடிக்காது. அது அழுக்குத் துணியைப் பக்கத்து வீட்டுக் கொடியில் போடுவது.

எண்ணெய் ஊறிய மண்ணுக்கு நுண்ணுயிரி வைத்தியமும் உண்டு. அதை இன்னொரு வீடியோவில் பார்ப்போம். அதைத் தவறவிடாமல் இருக்கச் சந்தாதாரராகிவிடுங்கள்!

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். அந்த நிலம் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. கிளேஸ் லேன் குடியிருப்பிலிருந்து மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். மண்ணுக்கு மருத்துவமனை கட்டினார்கள், சரி. இவர்களுக்கு என்ன கட்டினார்கள்? இதைப் பற்றி உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.

(திரையில்: புல்வெளியில் ஓடும் குழந்தைகள். கேமரா மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது)

சரி, இப்போது அந்தப் பூங்காவின் மண் முழுக்கச் சுத்தமா? இல்லை. ஆழத்தில் பழைய மண் பல இடங்களில் இருக்கிறது. அதன் மேலே சுமார் 60 சென்டிமீட்டர் தூய மண் போர்த்தியிருக்கிறார்கள். வழியை அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே ஓர் அடையாளத் துணி விரித்திருக்கிறது. இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் குழாய் பதிக்க அங்கே தோண்டுவார். மண்வெட்டியில் அந்தத் துணி சிக்கினால், அவர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.